ஏற்காடு ஏறாத வண்டி: ஒரு கிளட்ச் வழுக்கலின் முழுக் கதை

“அண்ணா, வண்டி கத்துதுங்க. ஆனா போக மாட்டேங்குதுங்க.”

பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். இந்தத் தம்பி ஒரே வரியில் நோயைச் சொல்லிவிட்டார். எஞ்சின் சுற்றுகிறது, அந்தச் சுற்று பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஏன் வழுக்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று நாள் ஆனது. அதில் ஒரு முழு மத்தியானம் என் தவறால் போனது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டி 125 சிசி, ஐந்து கியர், காற்றில் ஆறும் எஞ்சின். ஆறு வருஷம் ஓடிய வண்டி. தம்பிக்குத் தொழில் தட்டுவடை, முறுக்கு போடுவது. சேலத்தில் வீட்டிலேயே போட்டு, புதனும் சனியும் ஏற்காட்டில் இருக்கும் கடைகளுக்கு எடுத்துப் போவார். இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் நாற்பது கிலோவுக்குக் குறையாது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு கிளட்ச்சின் ஜாதகத்தை எழுத இதைவிட நல்ல ரோடு நம் பக்கத்தில் கிடையாது.

அவர் சொன்ன விவரம்: டவுனுக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்து அடிவாரம் வரை சுகமாக வரும். ஆறாவது, ஏழாவது வளைவு தாண்டியதும் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி இழுக்கும். மைலேஜும் குறைந்துவிட்டது.

சூடானால்தான் வழுக்குகிறது என்பது முக்கியமான துப்பு. அன்றைக்கு நான் அதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

முன்கதை

ஓடோமீட்டர் கணக்கை வரிசையாகக் கேட்டு ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதினேன். 38,240-இல் ஆயில் மாற்றியிருக்கிறார். வழுக்கலை முதலில் கவனித்தது 38,400 வாக்கில். 38,520-இல் வீட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கேபிளை அட்ஜஸ்ட் செய்திருக்கிறார்கள், பலனில்லை. 38,950-இல் அதே இடத்தில் கிளட்ச் பிளேட் முழு செட்டும் மாற்றியாகிவிட்டது. கூலியோடு 1,150 ரூபாய். அதற்குப் பிறகு மூன்று தடவை மலை ஏறும் வரை வண்டி நன்றாக இருந்திருக்கிறது. 39,200-இல் பழைய கதை. 39,310-இல் என்னிடம் வந்தார்.

இப்போது இந்த எண்களைப் படிக்கிறவர் யாருக்கும் விடை தெரிந்துவிடும். 38,240-க்கும் 38,400-க்கும் நடுவில் வண்டியில் மாறியது ஒன்றே ஒன்று. ஆனால் பட்டறையில் நிற்கும்போது கண் பில்லில் இருக்காது, வண்டியின் மேல்தான் இருக்கும்.

முதலில் சுவர்ச் சோதனை. வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி, மேல் கியரில் போட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை மெதுவாக விட்டால் எஞ்சின் டப்பென்று அணைய வேண்டும். அணையாமல் சுற்றிக்கொண்டிருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினில் செய்து பார்த்தேன், அணைந்தது. ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி செய்தேன். உறுமிக்கொண்டே இருந்தது. லிவர் நுனியில் கேபிள் ஆட்டம் 15 மில்லிமீட்டர் இருந்தது, சரியான அளவுதான். அதாவது கேபிள் இறுக்கத்தால் கிளட்ச் பாதி திறந்து நிற்கவில்லை.

அப்புறம்தான் என் தவறு. கேபிள் சரி, பிளேட் புதுசு, அப்படியானால் மிச்சம் இருப்பது ஸ்பிரிங் என்று முடிவு கட்டிவிட்டேன். வலது பக்கக் கவரைக் கழற்றி, நாலு ஸ்பிரிங்கையும் எடுத்து வெர்னியரில் அளந்தேன். நாலும் அளவுக்குள் இருந்தன. பிரஷர் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிளேட்டுகளைத் தாங்கும் ஹவுசிங்கின் விரல்களில் பிளேட் பல் பதிந்த தடம் லேசாக இருந்தது, ஆறு வருஷ வண்டிக்கு அது சகஜம். மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை இதுவே வேலை.

பிளேட்டுகளை வெளியே எடுத்தபோது ஒன்று கவனித்தேன். முன்னூறு சொச்சம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய பிளேட். கவ்விப் பிடிக்கும் பரப்பான லைனிங் மேல் ஒரு மினுமினுப்பு, அரக்கு பூசிய பழைய மரப்பெட்டி மாதிரி. நகத்தால் சுரண்டினால் வழுவழுப்பாக இருந்தது. கருகல் வாடை அதிகம் இல்லை. வேலைத் தட்டில் வடிந்து நின்ற ஆயிலோ ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது.

“ஆயில் எது தம்பி ஊத்துனீங்க?”

“நல்ல ஆயில்தாங்கண்ணா. கார்ல ஊத்துறது. ஃபுல் சிந்தெடிக். மச்சான் குடுத்தாரு.”

அந்த இடத்தில் கையிலிருந்த ஸ்பிரிங்கைக் கீழே வைத்தேன்.

மிச்ச ஆயில் வந்த வழி

மச்சானின் காருக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆயில் பிடிக்கும். கடையில் கிடைப்பது மூன்றரை லிட்டர் கேன். ஒவ்வொரு சர்வீஸிலும் நானூறு மில்லி மிஞ்சும். இரண்டு சர்வீஸ் மிச்சத்தைச் சேர்த்து வைத்திருந்தால் எண்ணூறு மில்லி. தம்பியின் பைக்குக்கு டிரெய்ன் செய்தபின் பிடிப்பதும் எண்ணூறு மில்லிதான். இப்படிக் கணக்குச் சரியாக உட்கார்ந்தால் யார்தான் ஊற்ற மாட்டார்கள்? லிட்டர் விலையும் பைக் ஆயிலைவிட அதிகம். விலை கூடியது, சிந்தெடிக், புதுசு. வண்டிக்கு விருந்து வைக்கிறோம் என்றுதான் தம்பி நினைத்திருக்கிறார்.

பிளேட் மாற்றிய அந்தப் பட்டறைக்காரரையும் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். கவரைத் திறக்க ஆயிலை வடித்திருக்கிறார். எழுநூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது, இதைக் கீழே கொட்டுவானேன் என்று வடிகட்டி மறுபடி அதையே ஊற்றிவிட்டார். வாடிக்கையாளருக்கு நானூறு ரூபாய் மிச்சம் பண்ணிக்கொடுத்த நல்லெண்ணம். புதுப் பிளேட்டை ஆயிலில் ஊறவைக்காமல் காய்ந்தபடியே பூட்டியதால் இரண்டு மூன்று நடை தாக்குப்பிடித்தது. லைனிங் அந்த ஆயிலைக் குடித்து முடித்ததும் வழுக்கல் திரும்பி வந்துவிட்டது.

பழைய பிளேட்டுகளைத் தம்பி தூக்கிப் போடவில்லை, சீட்டுக்குக் கீழே கேரி பேக்கில் சுற்றி வைத்திருந்தார். அளந்தேன். எல்லாம் 2.9 மில்லிமீட்டர். அந்த வண்டிக்கு 2.6-க்குக் கீழே போனால்தான் மாற்ற வேண்டும். தேயாத பிளேட்டுக்கு 1,150 ரூபாய் போயிருந்தது.

கேனின் பின்பக்கம்

மறுநாள் காலை கேனைக் கொண்டுவரச் சொன்னேன். முன்பக்கத்தில் ஒரு கார் படம், 5டபிள்யூ-30, ஃபுல்லி சிந்தெடிக். இதைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. விஷயம் எப்போதும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு வட்ட முத்திரை. மேல் வளைவில் ஏபிஐ சர்வீஸ் எஸ்பி. நடுவில் எஸ்ஏஇ 5டபிள்யூ-30. கீழ் வளைவில் ரிசோர்ஸ் கன்சர்விங். பக்கத்தில் ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6ஏ, அதுவும் கார் ஆயிலுக்கான ஒரு தரம். பைக் ஆயிலுக்கான தரத்தைச் சொல்லும் ஜாசோ என்ற சொல் எங்கு தேடியும் இல்லை.

வட்டத்தின் மூன்று வரியும் மூன்று வேறு கேள்விக்கு விடை. இதைக் குழப்பிக்கொள்வதில்தான் எல்லா வம்பும் தொடங்குகிறது.

எஸ்ஏஇ எண் ஆயிலின் கனத்தை மட்டும் சொல்கிறது. பின்னால் வரும் 30, 40, 50 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்ற வகுப்பு. கனத்தை அளக்கும் அலகில் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். முன்னால் வரும் எண்ணோடு சேர்ந்த டபிள்யூ, விண்டர். குளிரில் எஞ்சினைச் சுழற்ற ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்வது. 10டபிள்யூ-வைச் சோதிப்பது மைனஸ் 25 டிகிரியில், 20டபிள்யூ-வை மைனஸ் 15-இல். ஊட்டியில் உறைபனி விழும் இரவில்கூட நமக்கு அந்தக் குளிர் கிடையாது. அதற்காக அந்த எண் நமக்கு வேண்டாத சமாச்சாரம் என்று ஆகாது. மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் ஆயில் மேலே, வால்வைத் திறக்கும் கேம் வரை எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

தம்பியின் வண்டிக்குக் கம்பெனி சொன்னது 10டபிள்யூ-30. அவர் ஊற்றியது 5டபிள்யூ-30. சூட்டில் இரண்டும் ஒரே 30 வகுப்பு. ஆகவே ஆயில் தண்ணியாகப் போனதால் கிளட்ச் வழுக்கியது என்று சொல்ல வழியில்லை. பட்டறையில் என் பையன் முதலில் சொன்ன காரணம் அதுதான். அவன் மட்டுமல்ல, பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள்.

ஏபிஐ எழுத்து, ஆயில் எந்தக் காலத்து எஞ்சினுக்கான சோதனைகளில் தேறியது என்பதைச் சொல்கிறது. எஸ் வரிசை பெட்ரோலுக்கு. எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று வந்து, 2020-இல் எஸ்பி. டர்போ வைத்த, சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் கார் எஞ்சின்களில் குறைந்த சுற்றில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. அதைத் தடுப்பதும், டைமிங் செயின் தேய்வதைக் குறைப்பதும் எஸ்பி-யின் பெரிய வேலைகள். முறுக்கு சுமக்கும் 125 சிசி வண்டிக்கு இந்த இரண்டாலும் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுத்து பிந்தியதாக இருந்தால் ஆயில் உசத்தி என்பது கார் உலகத்துக்குள் ஓரளவு சரி. பைக்குக்கு அதே அளவுகோலை நீட்டினால் தப்பாகிவிடும்.

இந்த வண்டியை மலையில் நிறுத்தியது வட்டத்தின் கீழ் வளைவில் இருந்த அந்த ரிசோர்ஸ் கன்சர்விங். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ஆயில் என்று பொருள். மெலிந்த கனத்தாலும், உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களாலும் அந்த மிச்சம் வருகிறது. மாலிப்டினம் கலந்த சேர்மங்கள், கொழுப்பு அமிலத்திலிருந்து செய்யும் சேர்மங்கள் என்று பல வகை. இவை உலோகப் பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு மெல்லிய வழவழப்பான படலமாக நிற்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அது வரம்.

காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்கு மட்டும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், கிளட்ச் காய்ந்த தட்டு, ஆயில் பக்கமே வராது. கியர் வைத்த பைக்கில் அப்படியில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே குளத்தில் குளிக்கின்றன. கிளட்ச்சில் நாலைந்து லைனிங் பிளேட், இடையிடையே ஸ்டீல் பிளேட். ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். கவ்வுவது என்றாலே உராய்வுதான். பிஸ்டனுக்குக் கொடுத்த வரத்தை ஆயில் கிளட்ச்சுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

குளிரில் பிடித்தது ஏன், சூட்டில் விட்டது ஏன்? உராய்வு குறைக்கும் சேர்மானங்களில் பல, சூடு ஏறினால்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். காற்றில் ஆறும் எஞ்சின் சுமையோடு மலை ஏறும்போது ஆயில் சூடு கண்டபடி ஏறும். மலை ஏற்றத்தில் கிளட்ச் தாங்க வேண்டிய முறுக்கமும் அப்போதுதான் அதிகம். ஒரு தடவை வழுக்க ஆரம்பித்தால் வழுக்கலே சூட்டை உண்டாக்கும், அந்தச் சூடு லைனிங்கை இன்னும் மினுமினுக்க வைக்கும். ஏழாவது வளைவில் நடந்தது இதுதான்.

ஜாசோ என்பது என்ன

ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. பைக் செய்கிறவர்களில் பெரிய தலைகள் ஜப்பானில் இருந்ததால் இந்தத் தலைவலியும் முதலில் அவர்களுக்குத்தான். 1990-களில் அமெரிக்கக் கார் ஆயில்கள் பெட்ரோல் சிக்கனத்தை நோக்கிப் போகப் போக, அதே ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அபாயமும் வளர்ந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் டி903 என்ற தரம் வந்தது. நாலு ஸ்ட்ரோக் பைக் ஆயிலை அது எம்ஏ, எம்பி என்று பிரித்தது. 2006 திருத்தத்தில் எம்ஏ-வுக்குள்ளேயே எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டு படி வைத்தார்கள்.

சோதனை எளிமையான யோசனை. உண்மையான கிளட்ச் பிளேட்டுகளை அந்த ஆயிலில் நனைத்து ஒரு இயந்திரத்தில் மறுபடி மறுபடி கவ்வவிடுகிறார்கள். நழுவும்போது உள்ள உராய்வு, நின்ற நிலையில் உள்ள உராய்வு, எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று மூன்று கணக்கு. மூன்றும் குறித்த அளவுக்கு மேலே இருந்தால் எம்ஏ. அதிலும் மேல்படியில் நின்றால் எம்ஏ2. ஒன்று குறைந்தாலும் எம்பி. எம்பி மட்டமான ஆயில் என்று நினைத்துவிடக் கூடாது. அது கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கும் வண்டிக்கான ஆயில், அவ்வளவுதான்.

உராய்வு போக இன்னொரு வித்தியாசமும் உண்டு, அது பாஸ்பரஸ். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மத்தை ஆயிலில் போடுவார்கள். பாஸ்பரஸ் காரின் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் ஜிஎஃப்-6 போன்ற கார் தரங்களில் 0.08 சதவீதம்தான் உச்ச வரம்பு. ஜாசோவில் அதே 0.08 சதவீதம் கீழ் வரம்பு, மேலே 0.12 வரை போகலாம். கார் தரம் கூரையாக வைத்ததை ஜாசோ தரையாக வைத்திருக்கிறது. பைக் எஞ்சின் சுற்றும் வேகத்துக்கும், கியர் பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் நசுக்கலுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். கியர் பற்கள் இன்னொன்றையும் செய்கின்றன. 10டபிள்யூ-30 மாதிரி இரட்டை எண் ஆயிலில் கனத்தைத் தாங்கிப் பிடிக்கும் நீளமான பாலிமர் இழைகள் இருக்கும். கியர் அவற்றை வெட்டித் தள்ளும். வெட்டுப்பட்ட 30, நாளாவட்டத்தில் 20-ஐ நோக்கி நகரும். ஆயில் மாற்றும் நாள் நெருங்கும்போது கியர் கரகரவென்று கடிக்கிறதே, அதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பரிகாரம், இரண்டு தவணையில்

முதலில் ஆயிலை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பிளேட்டையும் ஆயிலையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். சூடாக வைத்து வடித்தேன். எவ்வளவு வடித்தாலும் கவரின் மூலைகளிலும் ஆயில் வழிகளிலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதனால் மலிவு விலை எம்ஏ மினரல் ஆயில் எண்ணூறு மில்லி ஊற்றி, ஒரு ரவுண்டு ஓட்டி, அதையும் வடித்துக் கொட்டினேன். இந்த வண்டியில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, சுழன்று அழுக்கைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஃபில்டர்தான். அதையும் துடைத்தேன். அப்புறம் 10டபிள்யூ-30, எம்ஏ2.

இரண்டு பக்கமும் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு நானே மலை ஏறினேன். பத்தாவது வளைவு வரை பிரமாதம். பதினொன்றில் மூன்றாவது கியரில் லேசாகச் சத்தம் மட்டும் ஏறியது. முன்னைவிட எவ்வளவோ மேல், ஆனால் தீரவில்லை. மினுமினுப்பு ஏறிய லைனிங் பழைய படலத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து மறுபடி கவரைத் திறந்தேன். புதுப் பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவி, லைனிங் மேல் உப்புத்தாளை மிக லேசாக, எட்டுப் போடுவது மாதிரி தேய்த்தேன். ஸ்டீல் பிளேட்டுகளை இன்னும் கொஞ்சம் அழுத்தி, மினுமினுப்பு போய் மங்கல் வரும்வரை. பிறகு எல்லாவற்றையும் எம்ஏ2 ஆயிலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பூட்டி, அதே மூட்டையோடு ஏறினேன். இருபது வளைவும் ஒரே மூச்சு. ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு, எஞ்சின் சூடு ஆறும் முன்பே சுவர்ச் சோதனை செய்தேன். டப்பென்று அணைந்தது. பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா, வண்டி ரிப்பேரா சாமி என்று கேட்டார்.

“நான் பத்து வருஷமா ஊத்துறேன், ஒண்ணும் ஆகலையே”

இந்தக் கதையைச் சொன்னால் உடனே வரும் பதில் இது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மாதிரிக் கனமான கார், லாரி ஆயில்களில் அந்தச் சிக்கன முத்திரை இருப்பதில்லை. உராய்வு குறைக்கும் சரக்கும் பொதுவாக அவ்வளவு இருக்காது. டீசல் ஆயில்களில் சிலவற்றுக்கு ஜாசோ எம்ஏ தேர்ச்சியே உண்டு, கேனில் அச்சிட்டிருக்கும். டவுனுக்குள் தனி ஆளாக ஓட்டுகிறவருக்கு கிளட்ச்சின் கொள்ளளவில் பாதிகூடச் செலவாகாது. இங்கே எல்லாம் ஒன்றுசேர்ந்துகொண்டது. சிக்கன முத்திரை, நாற்பது கிலோ, இருபது வளைவு. சுமை இல்லாத வண்டியாக இருந்திருந்தால் இந்த ஆயில் யாருக்கும் தெரியாமல் ஓடி முடிந்திருக்கும்.

சிந்தெடிக் என்பதாலேயே கிளட்ச் வழுக்கும் என்று இன்னொரு கட்சி இருக்கிறது. அதுவும் தவறு. எம்ஏ2 தேறிய முழு சிந்தெடிக் ஆயில் எத்தனையோ இருக்கிறது. அடி ஆயில் எதிலிருந்து வந்தது என்பது பிளேட்டுக்குத் தெரியாது. நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி என்பதும் அப்படித்தான். வெளியே 40 டிகிரி அடித்தாலும், உள்ளே 100 டிகிரிக்குக் கணக்குப் போட்டு, எஞ்சினின் இடைவெளிகளைப் பார்த்துத்தான் கம்பெனி எண்ணைச் சொல்கிறது. இந்த நாட்டில் ஓடும் வண்டிக்கு இந்த நாட்டு மேனுவலில் 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு ஒரு படி கனம் கூட்டுவது தனிக் கதை.

மச்சானின் கார்

அடுத்த வாரம் மச்சானே வந்தார், கொஞ்சம் சங்கடத்தோடு. வந்தவர் தலைகீழ்க் கேள்வி கேட்டார். “அப்ப பைக் ஆயிலை கார்ல ஊத்தலாமுங்களா? நம்ம பெரியப்பா பையன் புல்லட் வெச்சிருக்கான், அவங்கிட்ட இருக்குது.”

வேண்டாம் என்றேன். கார் எஞ்சின் இப்போது ஆயிலை மசகாக மட்டும் பார்ப்பதில்லை. வால்வு நேரத்தை மாற்றும் பாகத்தை ஆயில் அழுத்தம்தான் தள்ளுகிறது. மெல்லிய துளைகள், மெல்லிய வழிகள். புதிய பெட்ரோல் கார்களில் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று சொல்கிற காலம் இது. அங்கே புல்லட் ஆயிலின் 50 கனத்தைக் கொண்டுபோய் ஊற்றினால் எஞ்சின் அன்றைக்கே நின்றுவிடாது, ஆனால் மைலேஜ் போகும், குளிரில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். பாஸ்பரஸ் கூடினால் கன்வெர்ட்டருக்கு ஆகாது. பிஎஸ்-6 டீசல் கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை, மேனுவலில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று இருக்கும். கரியை எரித்துத் தள்ளலாம், சாம்பலை எரிக்க முடியாது. டிபிஎஃப் மாற்றும் செலவைச் சொன்னேன். மச்சான் பெரியப்பா பையனைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

“சரிங்க, மிஞ்சற நானூறு மில்லியை என்னதான் பண்றது?”

மூடியை இறுக்கி, வெயில் படாமல் வைத்து, அடுத்த சர்வீஸுக்கு நடுவில் அதே காரில் டிப்ஸ்டிக் பார்த்து டாப்-அப் செய்யுங்கள் என்றேன். அதற்குத்தானே அது. தம்பி வீட்டில் மனைவி ஓட்டும் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றும் இருக்கிறது. அதன் கிளட்ச் பெல்ட் பக்கம் காய்ந்த நிலையில் இருப்பது, கியர் ஆயிலும் தனி. அந்தக் கார் ஆயிலை அதில் ஊற்றியிருந்தால் வழுக்க ஒன்றும் இல்லை. மூன்று வண்டி உள்ள குடும்பத்தில், கெடுதி செய்யக்கூடிய ஒரே வண்டியாகப் பார்த்துப் போய் ஊற்றியிருக்கிறார்கள். ஸ்கூட்டருக்கும் கம்பெனி சொல்கிற 10டபிள்யூ-30 எம்பி இருக்கும்போது அதற்கும் நான் சிபாரிசு செய்யவில்லை.

42,300-இல்

தம்பி மூன்று ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறார். சமீபத்தில் வந்தபோது ஓடோமீட்டரில் 42,300. வாரம் இரண்டு நடை ஏற்காடு, கிளட்ச்சில் புகார் இல்லை. இந்தத் தடவை வரும் வழியில் கடையில் நிறுத்தி ஆயிலை அவரே வாங்கி வந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார், பரீட்சைத் தாளை நீட்டுகிற பையன் மாதிரி.

10டபிள்யூ-30. எஸ்எல். சீல் உடையவில்லை. ஜாசோ கட்டமும் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டத்துக்குள் எம்பி.

“தம்பி, இது ஸ்கூட்டர் ஆயிலுங்க.”

“கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னாருங்கண்ணா.”

வடிக்கும் தட்டை வண்டிக்கு அடியில் அப்படியே விட்டுவிட்டு, என் வண்டிச் சாவியைக் கொடுத்து, மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.